இல்லத்தரசியின் உழைப்பும் நமது மார்க்கமும்

 

2023 ஜூன் 21 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அவர்கள் ஒரு சொத்து வழக்கில் தீர்ப்பு வழங்கினார். அந்தக் குடும்பத்தின் கணவர் நெய்வேலியில் வேலை பார்த்தவர். பிறகு சவூதிக்குப் போய் சுமார் பத்தாண்டுகள் சம்பாதித்தார். மனைவி ஊரில் இருந்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார். கணவர் அனுப்பிய பணத்தில் சொத்துகள் வாங்கப்பட்டன. அவர் ஊர் திரும்பிய பின் தகராறு வந்தது. எல்லாம் என் பணம், என் சொத்து என்று கணவர் வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே அவர் இறந்தும் போனார். சம்பாதித்தது கணவர்தான், ஆனால் மனைவி வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டதால்தான் அவரால் கவலையின்றி வெளிநாட்டில் சம்பாதிக்க முடிந்தது, எனவே அந்தச் சொத்தில் மனைவிக்கும் சமபங்கு உண்டு என்பது தீர்ப்பின் சாரம். கணவனின் வேலை எட்டு மணி நேரம், இல்லத்தரசியின் வேலைக்கு விடுமுறையே இல்லை என்ற கருத்தையும் நீதிபதி எழுதியிருந்தார்.

அது ஒரு இந்துக் குடும்பத்தின் வழக்கு. ஆனாலும் சவூதி, துபாய், கேரளா என்று ஆண்கள் பிழைக்கப் போய், பெண்கள் ஊரில் இருந்து குடும்பத்தைக் கட்டிக் காக்கும் வீடுகள் நம் சேத்தூரிலும் ராஜபாளையத்திலும் எத்தனையோ உண்டு. அதனால் இந்தத் தீர்ப்பைப் பற்றிய பேச்சு நம்மிடையே இன்னும் ஓயவில்லை. ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, "செக்ரட்டரி பாய், பெண்ணியம் பேசினவங்க கடைசியில கோர்ட்டு வழியா நம்ம அடுப்பங்கரைக்கே வந்துட்டாங்களே" என்றார். அதே வாரம், கல்லூரியில் படிக்கும் நம் ஜமாஅத்துப் பிள்ளை ஒருத்தி, "அத்தா சம்பாதிச்ச வீட்டுல எங்கம்மாவுக்கு என்ன பங்கு இருக்குன்னு மார்க்கம் சொல்லுது, சொல்லுங்க மாமா" என்று கேட்டாள். இந்தக் கட்டுரை இருவருக்குமானது.

பெரியவர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். பெண்ணியம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது ஒரே குரல் அல்ல. பிரான்சில் சிமோன் தெ பொவ்வார் என்ற அம்மையார் 1949-ல் எழுதிய நூலில் தாய்மையையும் இல்லறத்தையும் பெண்ணை அடைத்து வைக்கும் கூண்டாகப் பார்த்தார். நம் தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே பெரியார் அவர்கள் குடி அரசு ஏட்டில், பிள்ளை பெறும் தொல்லை பெண்ணை விடாதவரை அவளுக்கு விடுதலை இல்லை என்ற கருத்தைத் துணிந்து எழுதினார். கைம்பெண் மறுமணத்துக்கும் பெண்களின் சொத்துரிமைக்கும் அவர் பேசியதில் நமக்குப் பெரிய சண்டை இல்லை. அவை நம் மார்க்கம் முன்பே தந்தவைதான். ஆனால் தாய்மையைச் சுமையாக மட்டும் பார்த்த அந்த இடத்தில் நாம் அவரோடு உடன்பட முடியாது.

இன்னொரு குரலும் உண்டு. 1972-ல் இத்தாலியிலும் இங்கிலாந்திலும் சில பெண்கள், வீட்டு வேலைக்குக் கூலி வேண்டும் என்று இயக்கம் தொடங்கினார்கள். வீட்டை விட்டு வெளியே வா என்று இவர்கள் சொல்லவில்லை. வீட்டுக்குள் நடப்பதும் உழைப்புதான், அதை உழைப்பாக எண்ணுங்கள் என்றார்கள். முதல் குரலுக்கு நான் தலையாட்ட மாட்டேன். இரண்டாவது குரலைக் கேட்கும்போது எனக்கு மதரஸாவில் ஓதிய பாடம் நினைவுக்கு வருகிறது.

திருக்குர்ஆனின் 65-வது அத்தியாயமான தலாக் சூராவின் ஆறாவது வசனம், விவாகரத்தான தாய் தன் பிள்ளைக்குப் பால் கொடுத்தால் அதற்குரிய கூலியை அவளுக்குக் கொடுத்துவிடும்படி தந்தைக்குக் கட்டளையிடுகிறது. பகரா சூராவின் 233-வது வசனம், தாய் இரண்டு ஆண்டுகள் பாலூட்டும் காலத்தில் அவளுடைய உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்கிறது. பால் மறக்கச் செய்வதைக்கூட இருவரும் கலந்து பேசி மனமொத்துச் செய்யச் சொல்கிறது. தாய்ப்பாலுக்கு விலை உண்டா என்று நாம் உருகிப் பேசலாம். அல்லாஹ் அந்தத் தாய்க்குரியதை எடுத்து வைக்கச் சொல்கிறான். 1400 ஆண்டுகளுக்கு முன்பே தாயின் உழைப்பு நம் மார்க்கத்தில் கணக்கில் ஏறிவிட்டது.

வீட்டு வேலையைப் பற்றி நம் ஃபிக்ஹு நூல்கள் சொல்வது பலருக்கும் தெரியாது. சொன்னால் சிலருக்குப் பிடிக்கவும் செய்யாது. ஷாஃபிஈ மத்ஹபில் சமைப்பது, துவைப்பது, கூட்டிப் பெருக்குவது மனைவியின் மீது சட்டக் கடமை அல்ல. ராவுத்தர் குடும்பங்களான நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், வீட்டு வேலை மனைவிக்கு மார்க்க ஒழுக்கத்தின்படி உள்ள பொறுப்பு. ஆனால் காழி அவளைக் கட்டாயப்படுத்தித் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதாவது அவள் செய்வது நன்மை. நாம் அதிகாரமாகக் கேட்டு வாங்கும் சேவகம் அல்ல. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் கிளம்பிவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியது புகாரியில் பதிவாகியிருக்கிறது. திரிகை சுற்றிச் சுற்றிக் கை காய்த்துப்போன அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்கள் உதவிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று தந்தையிடம் கேட்கப் போன செய்தியும் நாம் அறிந்ததே. அவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை, தஸ்பீஹ் கிடைத்தது. பெண்கள் பொறுமையாக இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் இந்தச் செய்தியை பயான்களில் சொல்கிறோம். சுவர்க்கத்துப் பெண்களின் தலைவியே தன் வேலை பாரமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார்கள், அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை என்ற பாதியை விட்டுவிடுகிறோம்.

நம் நாட்டு நிலவரம் என்ன? மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுவதும் மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் நூற்றுக்கு 81 பேர். அவர்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஆண்களில் வீட்டு வேலையைத் தொடுபவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். அவர்களும் செலவிடுவது 97 நிமிடம். இந்தக் கணக்கு எல்லாச் சமுதாயத்துக்கும் பொது. நம் வீடுகளில் இதைவிட மேலான நிலை இருக்கிறது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ரமலானில் ஸஹருக்கு முதலில் எழுவது யார், இஃப்தாருக்குக் கடைசியில் உட்காருவது யார் என்று நம் வீட்டில் பார்த்தாலே போதும்.

நான் பழைய கட்சிதான். பிள்ளைக்கு முதல் இரண்டு ஆண்டுகள் தாயின் மடி வேண்டும். குடும்பச் செலவு ஆணின் கடமை. சம்பளம் வாங்கினால்தான் பெண்ணுக்கு மதிப்பு என்பது மனிதரைப் பணத்தால் அளக்கும் புத்தி. இந்தக் கருத்துகளில் நான் மாறவில்லை. வேலைக்குப் போகும் சகோதரிகளை நான் குறை சொல்லவும் இல்லை. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வணிகம் செய்தவர்கள். ஒரு பெண் சம்பாதித்தால் அது முழுக்க அவளுடையது; குடும்பத்துக்குச் செலவிடும்படி மார்க்கம் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. (தையல் வேலையில் சம்பாதிக்கும் சகோதரிகளின் ஏ.டி.எம். கார்டு யார் பையில் இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை.) ஆனால் தாய் வீட்டில் இருப்பதே சிறப்பு என்று சொல்லும் நாம், அப்படி இருப்பவள் அதனால் ஏழையாகிவிடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். அதில்தான் நாம் தவறியிருக்கிறோம்.

நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரு சகோதரி வந்தார். பெயரும் ஊரும் வேண்டாம். கணவர் கேரளாவில் கடை வைத்திருந்தார், மாரடைப்பில் மவுத்தாகிவிட்டார். இரண்டு பிள்ளைகள். இத்தா முடிந்த கையோடு கணவரின் அண்ணன் தம்பிகள் வீட்டுப் பேச்சை எடுத்துவிட்டார்கள். வீடு கணவர் பெயரில். கட்டியது யார் பணத்தில் என்று கேட்டோம். மேல்தளம் போடும்போது தன் தாய் வீட்டு நகை அத்தனையும் விற்றுக் கொடுத்ததாகச் சொன்னார். "எத்தனை பவுன்?" "இருபத்தெட்டு." "ரசீது?" இல்லை. "யாராவது சாட்சி?" மாமியாருக்குத் தெரியும். மாமியார் வாயைத் திறக்கவில்லை. பதினாறு வருடம் அந்த வீட்டில் சமைத்து, மாமனாரைப் படுக்கையில் பார்த்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பெண், ஜகாத் விண்ணப்பத்தில் கைநாட்டு வைக்காத குறையாக எங்கள் முன் உட்கார்ந்திருந்தார். ஜமாஅத்தில் பேசி, பிள்ளைகள் பெரியவர்களாகும் வரை அவர் அங்கேயே இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ள வைத்தோம். அது அவர்கள் இரக்கப்பட்டுக் கொடுத்த இடம். அவருக்குரிய உரிமையை எங்களால் வாங்கிக் கொடுக்க முடியவில்லை.

கல்லூரிப் பிள்ளை கேட்ட கேள்விக்கும் இதில்தான் பதில் இருக்கிறது. ஷரீஅத்தில் கணவன் சொத்து வேறு, மனைவி சொத்து வேறு. திருமணம் ஆனதாலேயே இரண்டும் கலந்துவிடுவதில்லை. ஆகவே உயர் நீதிமன்றம் சொன்னதுபோல், வீட்டைப் பார்த்துக்கொண்ட காரணத்தால் பாதிச் சொத்து என்ற கணக்கு நம் ஃபிக்ஹில் இல்லை. ஆனால் அவளுக்கென்று தனியே மஹர் உண்டு, வாழும் காலமெல்லாம் நஃபகா உண்டு, அவள் கொண்டுவந்ததும் அவள் சம்பாதித்ததும் அவளுக்கே உண்டு, கணவன் மவுத்தானால் வாரிசுப் பங்கும் உண்டு. இந்த நான்கும் ஒழுங்காக நடந்தால் எந்தப் பெண்ணும் தான் சமைத்ததைக் கோர்ட்டில் பட்டியல் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. நடக்கிறதா?

மஹரைப் பாருங்கள். லட்சக்கணக்கில் கைக்கூலியும் நகையும் பேசி முடித்துவிட்டு, தஃப்தரில் மஹர் 1,001 ரூபாய் என்று எழுதிய நிக்காஹ்களுக்கு நானே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மார்க்கம் ஆணைக் கொடுக்கச் சொன்னது; நாம் பெண் வீட்டாரைக் கொடுக்க வைத்தோம். நம் மாவட்டத்திலும் மேற்கு மாவட்டங்களிலும் நூல் மில்களில், மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லிக் கன்னிப் பெண்களை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கும் முறை இருந்தது. சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பெயர். அந்தப் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது எந்தப் பெண்ணியவாதியும் அல்ல. மாப்பிள்ளை வீட்டார் கேட்ட பவுன்தான்.

இப்போது வாரிசுப் பங்கு. நிஸா சூராவின் 12-வது வசனப்படி, பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. அந்தச் சகோதரியின் நிலையில் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டின் மதிப்பு 24 லட்சம். கணவர் மவுத்து, மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகள். எதுவும் எழுதப்படவில்லை என்றால் 24 லட்சமும் கணவர் விட்டுச் சென்ற சொத்து. மனைவிக்கு 3 லட்சம். தாய்க்கு ஆறில் ஒன்று, 4 லட்சம். மீதி 17 லட்சம் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. அதே வீட்டில் மூன்றில் ஒரு பங்கு மனைவியின் நகைப் பணம், அது அவருக்குரியது என்று எழுதப்பட்டிருந்தால்? முதலில் 8 லட்சம் அவருடையதாகத் தனியே பிரிந்துவிடும். மீதி 16 லட்சத்தில்தான் வாரிசுக் கணக்கு. அதில் அவருக்கு எட்டில் ஒன்று 2 லட்சம். ஆக 10 லட்சம். கணவருக்குக் கடனாகக் கொடுத்தது என்று எழுதியிருந்தாலும், கடனை அடைத்த பிறகுதான் பங்கு பிரிக்க முடியும். கொடுக்காத மஹரும் அப்படிப்பட்ட கடன்தான். மூன்று லட்சத்துக்கும் பத்து லட்சத்துக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு தாள்.

அந்தத் தாளைத்தான் டிரஸ்ட் இப்போது கேட்கிறது. இனி நடக்கும் நிக்காஹ்களில் பெண்ணுக்குப் போடப்படும் நகை, சீர் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு, தஃப்தரோடு ஒரு நகல் வைக்க வேண்டும் என்று ஜமாஅத் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். எதிர்ப்பு வராமல் இல்லை. "கல்யாண வீட்டுல கணக்கா? முதல் நாளே நம்பிக்கை இல்லைன்னு ஆயிடாதா?" என்று மரியாதைக்குரிய ஒரு முத்தவல்லி கேட்டார். நியாயமான வருத்தம்தான். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் பகரா சூராவின் 282-வது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படியும், சிறிதாயிருந்தாலும் எழுதச் சலிக்க வேண்டாம் என்றும் அது சொல்கிறது. முஃமின்களை நோக்கித்தான் அந்தக் கட்டளை. நம் நாட்டுச் சட்டமும் இதைப் புதிதாகச் சொல்லவில்லை. 1961 வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985-ல் வந்த விதிகளே, மணமகளுக்கும் மணமகனுக்கும் தரப்படும் பொருள்களுக்குப் பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டு வைக்கச் சொல்கின்றன. அதே 1961 சட்டம் மஹரை வரதட்சணையாகக் கருதவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆகவே மஹரைக் கூட்டி எழுத யாரும் அஞ்ச வேண்டாம்.

ஏற்கெனவே நகை போய் வீடு எழும்பிவிட்ட குடும்பங்கள்தான் நம்மில் அதிகம். கணவர் உயிரோடு இருக்கும்போதே இதைச் சரிசெய்யலாம். மனைவியின் பணம் எவ்வளவு போயிற்று என்று ஒப்புக்கொண்டு கடன் பத்திரம் எழுதலாம். பவுன் கணக்கா, பணக் கணக்கா என்பதை ஆலிமிடம் கேட்டுத் தெளிவாக எழுதுங்கள். பின்னால் தகராறு வருவது அந்த இடத்தில்தான். அல்லது வீட்டில் ஒரு பங்கை ஹிபாவாக அவருக்குக் கொடுக்கலாம். தருகிறேன் என்ற சொல், ஏற்கிறேன் என்ற சொல், அவர் கைவசம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் ஹிபாவுக்கு வேண்டும். வாய்மொழி ஹிபாவை நீதிமன்றங்கள் ஏற்கின்றன. இருந்தாலும் பதிவு செய்வதே பாதுகாப்பு. உயில் எழுதினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். வாரிசுக்கு எழுதும் உயில் மற்ற வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் நிற்காது. புதிதாக இடம் வாங்குவோர் மனைவி பெயரில் வாங்குவதையும் யோசிக்கலாம். பெண்கள் பெயரில் பதியும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்திருக்கிறது. ஒன்று மட்டும் கவனம். பெற்ற தாயின் ஆறில் ஒரு பங்கைத் தட்டிக்கழிப்பதற்காக எல்லாவற்றையும் மனைவி பெயருக்கு மாற்றுவது, ஒரு தாய்க்குச் செய்யும் நியாயத்தை இன்னொரு தாயிடமிருந்து திருடுவதாகும்.

பாலூட்டும் தாய்மாரைப் பற்றியும் சில வார்த்தைகள். சட்டம் சம்பளத்தோடு 26 வாரம் பேறுகால விடுப்புத் தருகிறது. ஆனால் வீட்டில் தையல் மிஷின் ஓட்டுபவருக்கு அது எட்டுவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி எட்டும். கர்ப்பம் உறுதியானதும் நம் ஊர் செவிலியரிடம் பதிந்துகொண்டால்தான் எட்டும். நம் பிள்ளைகள் பலர் தாமதமாகப் பதிந்து தவணைகளை இழக்கிறார்கள். பிள்ளை பெற்ற நாற்பதாம் நாளே மிஷினில் உட்காரும் தாய்மாருக்கு மாதாமாதம் சிறு தொகை கொடுக்க பைத்துல் மாலில் தனிக் கணக்கு தொடங்கலாமா என்பது அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் பேசப்படும். செல்வந்தர்கள் கூட்டத்துக்கு வரும்போது மனதில் ஒரு தொகையோடு வந்தால் நல்லது.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஊருக்கு எழுதச் சொல்பவன் தன் வீட்டில் என்ன செய்தான் என்று யாராவது கேட்பீர்கள். என் மனைவியின் வளையல்களும் ஆரமும் 1998-ல் எங்கள் வீட்டு அஸ்திவாரத்தில் இறங்கின. அதை நான் எழுதி வைத்தது அந்தச் சகோதரி வந்து போன மறுநாள்தான். எழுதிய தாளைக் கொடுத்தபோது, "இத்தனை வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு?" என்று கேட்டார்கள். ஆனால் தாளை மடித்து, பீரோவில் தன் துணிமணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள்.

நகைப் பட்டியல் படிவமும் கடன் பத்திர மாதிரியும் டிரஸ்ட் அலுவலகத்தில் இருக்கின்றன. வெள்ளி தவிர மற்ற நாள்களில் அஸருக்குப் பின் மஃரிப் வரை வாருங்கள். நகை விற்ற ரசீது, அடகுச் சீட்டு, வீட்டுப் பத்திர நகல் எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வந்தால் வேலை சுலபம். சகோதரிகள் தனியாக வருவதானால், செவ்வாய்க்கிழமைகளில் மதரஸா உஸ்தாத் பீவி அலுவலகத்தில் இருப்பார்கள்.